இளவேனிலில் உயிர் இரையிட்டு விரால் பிடித்தல்

பழைய செங்கற்பட்டு ஜில்லா ஏரிகளுக்குப் பெயர்போனது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பிய ஏரிகள், பங்குனி கழிந்து சித்திரை பிறக்கும்போது மடையோரத்துப் பள்ளங்களிலும் வாய்க்கால் முகங்களிலும் மட்டும் ஜலம் நிற்கும்படி சுருங்கிவிடுகின்றன. அக்காலத்தில் ஐயம்பேட்டை, வாலாஜாபாத், தென்னேரி முதலிய ஊர்ப் பக்கங்களில், தறிக்கு ஓய்வு விட்ட நெசவாளரும் அறுவடை முடித்த குடியானவரும் தூண்டிற்கோலுடன் கரையில் அமர்ந்திருப்பதைக் காணலாம். அவர்கள் நாடுவது பெரும்பாலும் விராலையே. முள் குறைந்ததும் ருசி மிகுந்ததுமான இம்மீனுக்குச் சந்தையில் எப்போதும் நல்ல விலை உண்டு. தெலுங்கானா மாநிலத்தார் இதனைத் தம் மாநில மீனாகவே கொண்டிருக்கின்றனர்.

விரால் பிற மீன்களைத் தின்று வாழ்வது. பிசைந்த மாவுருண்டையைக் கெண்டை விரும்பும். விரால் பெரும்பாலும் அதனைத் திரும்பிப் பாராது. அசையும் இரையைக் கண்டால் பாசியின் மறைவிலிருந்து பாய்ந்து கவ்வும். இம்மீனுக்குச் செவுளன்றி, தலையினுள் காற்றைச் சுவாசிக்கும் ஓர் உறுப்பும் உண்டு. ஆதலின் அடிக்கடி நீர்மட்டத்திற்கு வந்து காற்றை விழுங்கிச் செல்லும். கரையில் ஓசையின்றிச் சற்று நேரம் நின்று, எங்கே நீர் குமிழியிட்டுச் சுழல்கின்றதென்று கவனிப்பவர், தூண்டிலை எங்கே இடவேண்டுமென்பதை எளிதில் அறிவர். வெயில் ஏறுமுன் விடியற்காலையும், வெயில் தாழ்ந்த மாலையும் தகுந்த வேளைகள்.

இனி, இரையைப் பற்றிக் கூறுவோம். நம் பக்கத்தில் தவளையைக் கட்டி விராலைப் பிடிப்பது நெடுநாளைய வழக்கம். சென்னை ராஜதானியில் சிவில் உத்தியோகம் வகித்த எச். எஸ். தாமஸ் என்பார் நமது ஏரிகளில் தூண்டிலிடுவதைக் குறித்தே 1887-ல் தனியாக ஓர் ஆங்கில நூல் எழுதினார். அவ்வளவு தூரம் இவ்வித்தை அக்காலத்திலேயே பரவியிருந்தது. தவளைக்கு விரால் நன்றாக வருமென்பதில் ஐயமில்லை. ஆயினும் சொர்ணவாரிப் பட்டத்து நெல் வயலில் பூச்சிகளைத் தின்று நமக்குக் கூலியின்றி வேலை செய்வது அத்தவளையே. தவளைக்கால் ஏற்றுமதியை இந்திய அரசாங்கம் 1987-ல் தடுத்ததற்கும் இதுவே ஒரு முக்கிய காரணம். வயலில் மருந்து தெளிக்கக் கடன் வாங்குபவர், வரப்பிலிருந்து தவளையைப் பிடித்துத் தூண்டிலில் மாட்டுவது எனக்கு விளங்காத கணக்காகவே இருக்கின்றது.

ஆதலின் பொடி மீனே உத்தமமான இரை. விரல் நீளமுள்ள கெண்டைக்குஞ்சுகள் மிகவும் பொருந்தும். அயிரை கிடைப்பது எளிதாயினும், அது அடியிலுள்ள சேற்றை நோக்கியே இறங்கி ஒளிவதால், விராலின் கண்ணிற்படுவது அரிது. இரை மீன்களை ஜலத்துடன் அகன்ற வாய்ப் பானையிலிட்டு, ஈரத்துணியால் மூடி நிழலில் வைக்கவேண்டும். சூடேறிய ஜலத்தில் பிராணவாயு குறைவாகவே கரைந்திருக்கும். ஒரு பானையில் ஐம்பது மீனை நெருக்குவதிலும் பத்து மீனை உயிருடன் காப்பதே மேல். அவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், உடனே பாதி ஜலத்தை ஏரி ஜலத்தால் மாற்றுக.

முள்ளை இரையின் முதுகுத் துடுப்புக்குக் கீழே, தசையில் மட்டும் மேலாகச் செலுத்துக. முதுகெலும்பில் பட்டால் இரை அசைவற்றுப்போகும். தக்கைக்கும் முள்ளுக்கும் இடையே ஒரு முழம் முதல் ஒன்றரை முழம் வரை நரம்பு விட்டு, அல்லி, ஆகாயத்தாமரை முதலியவற்றின் ஓரத்தில் மெதுவாக இறக்குக. நரம்பு தடித்ததாயிருத்தல் அவசியம். அகப்பட்ட விரால் முதலிற் செய்வது கொடிகளுக்குள் புகுவதே.

தக்கை அமிழ்ந்ததும், மீன் இரையை முழுவதும் விழுங்கட்டுமென்று காத்திருப்பது பலருக்கு வழக்கம். இது தவறு. முள் குடலில் தைத்துவிட்டால், சிறிய விராலைத் திரும்ப விட்டும் பயனில்லை. பெரும்பாலும் பின்னர் மாண்டுபோகும். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாகாணத்து ஏரிகளில் மஸ்கி என்னும் பெரிய வேட்டை மீனை இவ்வாறே உயிர் இரையிட்டுப் பிடிக்கின்றனர். விழுங்கவிட்டுப் பிடித்ததால் விடப்பட்ட மீன்கள் மடிவதைக் கண்டு, பெரிய இரை மீனை இடுவோர் உடனே இழுக்கவேண்டும், அல்லது முனை உட்புறம் வளைந்த முள்ளை வழங்கவேண்டும் என்று அங்கே விதி செய்துள்ளனர். அவ்வளைமுள் பெரும்பாலும் வாயின் ஓரத்திலேயே தைக்கும். அதனை வழங்குவோர் வெடுக்கென்று சுண்டாமல், நரம்பை ஒரே சீராக இறுக்கினாற் போதும்.

என் பிழையொன்றையும் இங்கே கூறவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், கோடை மழை ஒன்று பெய்தபின், ஓர் ஏரியின் மடையருகே நீர்மட்டத்தில் செந்நிறப் படலம்போல் ஏதோ அசைவதைக் கண்டேன். அருகே இரையிட்டதும் கணத்தில் கவ்வியது. ஒன்றரை கிலோவுக்குக் குறையாத விரால். அச்செந்நிறம் விரால் குஞ்சுக் கூட்டமென்பதும், நான் பிடித்தது அதற்குக் காவலிருந்த தாய் அல்லது தந்தை என்பதும் பின்னரே உறைத்தது. விரால் பசியினாலன்றி, குஞ்சைக் காக்கவும் அருகில் வருவதைத் தாக்கும். காவலற்ற குஞ்சுகளைக் குரவையும் கெளுத்தியும் நீர்ப்பாம்பும் தின்றுவிடும். மூன்று நாள் கழித்துச் சென்று பார்த்தேன்; குஞ்சு ஒன்றும் இல்லை. விராலின் இனப்பெருக்கம் மழைக்காலத்தில் மிகுதியாயினும், கோடை மழைக்குப் பின்னும் குஞ்சுக் கூட்டங்கள் தென்படும். அவ்விடத்தை விட்டு அப்பால் நகர்ந்து தூண்டிலிடுக. ஏரி வற்றியபின் ஈரச்சேற்றில் புதைந்து பிழைக்கும் சில விரால்களும் இக்குஞ்சுகளுமே அடுத்த ஆண்டின் முதல்.

ஏரியின் மீன் பாட்டம் குத்தகைக்கு விடப்பட்டிருக்குமாயின், குத்தகைதாரரின் அனுமதி பெற்றே தூண்டிலிடவேண்டும். வெடியிட்டும் நஞ்சு கலந்தும் மீன் கொல்வது 1897-ஆம் வருஷத்து இந்திய மீன்வளச் சட்டத்தினாலேயே விலக்கப்பட்டது.

இரையை அந்தந்த ஏரியிலேயே பிடித்துக்கொள்க; மிச்சத்தை வேறு ஏரியில் கொட்டாதீர்கள். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக்கெண்டை எத்தனை நீர்நிலைகளில் நாட்டு மீன்களை நெருக்கிவிட்டதென்பதை மீன்பிடிப்போர் அறிவர். அதன் குஞ்சுகள் பானையில் அகப்பட்டிருந்தால், வீட்டிற்குக் கொண்டுபோய்க் குழம்பில் சேர்த்துவிடுக. கெண்டைக்குஞ்சுகள் மிஞ்சினால், பிடித்த ஏரியிலேயே, பானையைச் சிறிது நேரம் ஜலத்தில் அமிழ்த்திவைத்துச் சூடு சமமானபின் விடுக.