நெற்பயிரின் பசியும் பிணியும்

உழவைத் தனி அதிகாரத்திற் போற்றிய தமிழைப் பயில்வோர்க்குப் பயிரின் நோயை ஆராய்தல் புறம்பான செயலாகாது.

வையம்பட்டியைச் சூழ்ந்த நிலம் பெரும்பாலும் செம்மண். மழையும் கிணறுமே அதற்குத் துணை. சென்ற ஆண்டு என் தாய்மாமன் அங்கே கிணற்று நீரை நம்பி நெல் நட்டார். மூன்றாம் வாரத்திற் கீழிலைகளில் துருப்போன்ற புள்ளிகள் தோன்றின. பயிரும் வளராது குன்றிற்று. பூஞ்சண நோயென்று கருதிய அவர், கடன் பெற்று இருமுறை மருந்து தெளித்தார். பயன் யாதுமில்லை.

இம்மயக்கம் அவர்க்கு மட்டுமே நேர்ந்ததன்று. இமயமலை அடிவாரத்துத் தராய் நிலங்களில் நெல்லைக் கெடுத்த ஒன்றை உழவர் 'கைரா' என்றனர். காசுக்கட்டியின் நிறத்தைக் குறிக்கும் இந்திச் சொல் அது. அது கிருமியால் வந்ததன்று, துத்தநாகக் குறைவால் வந்ததே என்பதைப் பந்த்நகர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்து அறிஞர் ஒய். எல். நேனே 1966-ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினார்.

இதற்குரிய பரிகாரம் எளிது. ஒரு லிட்டர் நீருக்கு 5 கிராம் சிங்க் சல்பேட்டும் 2.5 கிராம் நீற்றிய சுண்ணாம்பும் என்னும் அளவிற் கலந்து, வடிகட்டி, வெயில் தணிந்த வேளையில் இலைமேல் தெளித்தல் வேண்டும். சுண்ணாம்பு இலை கருகாமற் காக்கும். இலைவழிச் சத்து விரைந்து பயன் தரும். ஆயினும் சிறிதளவே உட்செல்லும். ஆதலின் சில நாள் கழித்து மீண்டும் தெளிப்பதும், அடுத்த நடவின்போது ஏக்கருக்கு 10 கிலோ சிங்க் சல்பேட்டை மணலுடன் கலந்து இடுவதும் நன்று.

இனி, மெய்யாகவே பூஞ்சணத்தால் வருவது செம்புள்ளி நோய். 1942-இல் வங்காளத்து நெல்லைப் பாழாக்கியது இதுவே. இதன் புள்ளிகள் எள்வடிவின, நடுவிற் சாம்பல் நிறமும் சுற்றிலும் மஞ்சள் வளையமும் உடையன, நெல்மணியிலும் படரும். சாம்பற் சத்து முதலியன குறைந்து மெலிந்த பயிரையே இது மிகுதியாகப் பற்றும். எனவே சத்தூட்டுதல் பயிரைத் திடப்படுத்தும். ஆனால் பூஞ்சணத்தைக் கொல்லாது. அதற்கு விதை நேர்த்தியும் தக்க மருந்துமே வேண்டும்.

வேளாண்மை அறிந்த ஒருவர் சொற்படி துத்தநாகம் தெளித்தபின் என் மாமனது வயலிற் புதிய இலைகள் பசுமையாகவே வந்தன. எனினும் காலம் கடந்தமையால் விளைவு பாதியே. "பயிர் சோறு கேட்டது, மாப்பிள்ளை, நான் கசாயம் கொடுத்தேன்" என்றார் அவர்.

நோயின் முதலை அறிந்தே மருத்துவம் செய்க என்பது வள்ளுவர் கருத்து. விடுமுறையில் ஊர் செல்லும் மாணவத் தோழர்களே! நும் வயலில் இலை நிறம் மாறக் கண்டால், மருந்து வாங்குமுன் அவ்விலையை வேளாண்மை அலுவலரிடம் காட்டுங்கள். ஒருவர் கடனையேனும் அது தவிர்க்கும்.