தற்காலிக ஆசிரியப் பணியும் திருமலைச் சாசனங்களும்



வரலாற்றில் முதுகலைப் பட்டமும் தேசியத் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் பெற்ற சித்தூர் இளைஞர் ஒருவருக்குத் திருப்பதியில் முதலில் வாய்க்கக்கூடிய பல்கலைக்கழக வேலை பெரும்பாலும் நிரந்தரமானதாக இருப்பதில்லை. ஆசிரியர் ஒருவர் ஓய்வுபெற்ற இடம் நிரப்பப்படாமல் கிடக்கையில், பாடம் நின்றுவிடக் கூடாது என்பதற்காக ஒரு கல்வியாண்டுக்கோ ஒரு பருவத்துக்கோ ஆள் அமர்த்தப்படுகிறார். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர் எனப்படும் இவர், ஆந்திர மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் 'அகாடமிக் கன்சல்டன்ட்' எனப்படுகிறார்.

இப்பணியை ஏற்பவர் முதலில் விதிகளை அறிந்திருக்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட விதிமுறைகளின்படி, ஒப்பந்த ஆசிரியர்களை இன்றியமையாத நிலையில் மட்டுமே அமர்த்தலாம். அவர்கள் மொத்த ஆசிரியப் பணியிடங்களில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. தகுதியும் தேர்வுமுறையும் நிரந்தர ஆசிரியருக்கு உள்ளவையே. ஊதியம் நிரந்தர உதவிப் பேராசிரியரின் மொத்த மாத ஊதியத்துக்குக் குறையக் கூடாது. வகுப்புக்கு இவ்வளவு என்று மதிப்பூதியம் பெறும் விருந்தினர் ஆசிரியரின் நிலை வேறு. 2019இல் மானியக் குழு அவருக்கு விரிவுரை ஒன்றுக்கு 1,500 ரூபாயும், மாதத்துக்கு 50,000 ரூபாய் உச்சவரம்பும் வகுத்தது. அதன்படி மாதத்தில் 33 வகுப்புகளோடு வருமானம் ஏறத்தாழ நின்றுவிடும். பாடத்துக்கு ஆயத்தம் செய்யும் நேரத்துக்கும் விடைத்தாள் திருத்தும் நேரத்துக்கும் அக்கணக்கில் இடமில்லை. பல இடங்களில் வழங்கப்படுவது இதைவிடக் குறைவு என்பதால், ஒப்பந்தமா, மதிப்பூதியமா, எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்பவற்றை எழுத்தில் பெற்ற பிறகே பணியில் சேர்வது நல்லது. இதைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

இனிப் பாடத்துக்கு வரலாம். ஏறத்தாழ 1500 முதல் 1800 வரையிலான காலத்தை உலக வரலாற்றாசிரியர்கள் தொடக்க நவீன காலம் என்கிறார்கள். கடல்வழி வணிகம் கண்டங்களை இணைத்தது, பணப் பொருளாதாரம் விரிந்தது, அரசுகள் வரியையும் எழுத்தாவணத்தையும் புதிய முறையில் கையாண்டது ஆகியவை இதன் அடையாளங்கள். இந்தியப் பாடத்திட்டங்களோ பெரும்பாலும் இக்காலத்தை இரண்டாக வெட்டி, முற்பாதியை இடைக்காலத்திலும் பிற்பாதியை ஆங்கிலேயர் வருகையிலும் சேர்த்துவிடுகின்றன. திருப்பதிக்கு அந்த வெட்டு சற்றும் பொருந்தாது. 1565இல் தலைக்கோட்டைப் போரில் தோற்ற பின் விஜயநகர அரசு பெனுகொண்டாவுக்கும், அங்கிருந்து சந்திரகிரிக்கும் நகர்ந்தது. அந்தச் சந்திரகிரி அரசவைக்கே இயேசு சபைப் பாதிரிமார் வந்தனர். பழவேற்காட்டில் டச்சு வணிகர் காலூன்றியதும் 1639இல் ஆங்கிலேயர் சென்னையில் இடம் பெற்றதும் அந்த அரசின் ஆட்சி எல்லைக்குள்தான். சித்தூரிலிருந்து திருப்பதி செல்லும் வழியில் நிற்கும் சந்திரகிரி ராஜமகாலைச் சுற்றுலா இடமாக மட்டும் பார்த்துப் பழகிய மாணவர்களுக்கு, தங்கள் ஊர் உலக வணிக வரலாற்றுக்குள் இருந்ததை எடுத்துக்காட்டுவது ஆசிரியரின் கடமை.

இதற்கெல்லாம் மேலான செல்வம் திருமலைக் கோயிலின் சாசனங்கள். கல்வெட்டாய்வாளர் சாது சுப்பிரமணிய சாஸ்திரி முதலியோரின் உழைப்பால் 1930களில் கோயில் நிர்வாகமான தேவஸ்தானம் ஆறு தொகுதிகளாக வெளியிட்ட, ஆயிரத்துக்கும் மேற்பட்ட இக்கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் உள்ளன. தமிழும் தெலுங்கும் ஒருங்கே அறிந்த சித்தூர் இளைஞருக்கு இது பிறர்க்கு எளிதில் கிட்டாத பேறு. ஆயினும் தமிழ் படிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. வடசொற்களுக்கு இடையில் வரும் கிரந்த எழுத்தும் காலக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். சான்றாக, விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் திருமலைக்கு முதன்முதல் வந்த ஆண்டு சகம் 1434, ஆங்கீரச வருடம் எனக் கல்வெட்டில் குறிக்கப்படுகிறது. சக ஆண்டோடு வழக்கம்போல் 78ஐக் கூட்டினால் 1512 என்று வரும். ஆனால் அவர் வந்தது பிப்ரவரி மாதம். சக ஆண்டு பங்குனி, சித்திரையை ஒட்டிப் பிறப்பதால், ஜனவரி முதல் அது முடியும் வரை 79ஐக் கூட்ட வேண்டும் என்பதை உணர்ந்தால்தான் 1513 என்ற சரியான விடை கிடைக்கும்.

கொடைக் கல்வெட்டுகளின் உள்ளடக்கம் இன்னும் வளமானது. ஒருவர் கோயிலின் ஸ்ரீபண்டாரத்தில், அதாவது கருவூலத்தில், பணம் செலுத்துவார். கோயில் நிர்வாகிகளான ஸ்தானத்தார் அப்பணத்தைக் கோயில் கிராமங்களில் ஏரி, கால்வாய் வெட்டவும் பழுதுபார்க்கவும் செலவிடுவர். அதனால் பெருகிய விளைச்சலிலிருந்து கொடையாளர் பெயரில் திருப்போனகம் எனப்படும் அமுதுபடி நடைபெறும். படைத்த பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு 'விட்டவன் விழுக்காடு' என்ற பெயரில் கொடுத்தவருக்கே சேரும். பக்தியும் பாசனமும் முதலீடும் ஒரே ஆவணத்தில் கூடியிருப்பதைக் கண்டுதான் அமெரிக்க வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டைன் 1960இல் திருப்பதிக் கோயிலின் பொருளாதாரப் பங்கைப் பற்றிக் கட்டுரை எழுதினார். சிகாகோவில் அவருக்கு ஆய்வுப் பொருளான இச்சாசனங்கள், 1954 முதல் மலையடிவாரத்தில் இயங்கும் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தின் வகுப்பறையில் ஒவ்வொரு ஆண்டும் படிக்கப்பட வேண்டியவை அல்லவா?

தற்காலிக நியமனத்தின் உண்மையான கேடு இங்கேதான் வெளிப்படுகிறது. சாசனம் படிக்கப் பழகுவதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். அதைக் கற்பிக்க அதைவிடக் கூடுதலான பயிற்சி வேண்டும். ஆண்டுதோறும் ஆளை மாற்றும் துறையில் அந்த அறிவு யாரிடமும் தங்காது. அடுத்த ஆண்டு இருப்போமா என்று அறியாத ஆசிரியர், கையில் கிடைத்த குறிப்பேட்டை ஒப்பித்துவிட்டுப் போவதை முற்றிலும் குற்றம் சொல்லவும் முடியாது. சம்பளச் சிக்கனம் என்று கணக்கு எழுதப்படும் இம்முறையில், ஒரு வட்டாரம் தன் ஆவணங்களைத் தானே படிக்கும் திறனை இழந்து வருகிறது. நிரந்தர நியமனம் கோரும் குரல் ஆசிரியரின் பிழைப்புக்கான குரல் மட்டும் அன்று.

அந்த நியமனம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. கிடைப்பது ஒரே ஆண்டானாலும், வாரம் ஒரு சாசனம் என்று மாணவரோடு சேர்ந்து படிப்பதும், படித்தவற்றைக் காலக் கணக்கோடும் சொற்பொருளோடும் எழுதித் துறை நூலகத்தில் வைத்துச் செல்வதும் இயலும். ஆறு தொகுதிகளில் மூன்றாவது கிருஷ்ணதேவராயர் காலத்துக்கு உரியது. பணி ஆணை கைக்கு வருவதற்கு முன்பே அதை எடுத்துப் படிக்கத் தொடங்குக.