கேட் எப்போது திறக்கிறது?

அன்புள்ள பாப்பாவுக்கு,

குத்தாலத்திலிருந்து பெரியப்பா எழுதுவது. ஊட்டி காஸ்மிக் கதிர் ஆய்வகத்தில் உனக்கு ப்ராஜெக்ட் கிடைத்ததாக உன் அப்பன் சொன்னான். ரொம்ப சந்தோஷம். ஸ்வெட்டர், கஷாயம் எல்லாம் உன் அம்மா சொல்லியிருப்பாள். எனக்குத் தெரிந்தது கேபிள்தான், அதைச் சொல்கிறேன்.

அங்கே கிரேப்ஸ்-3 சோதனையில், 2,200 மீட்டர் உயரத்தில், ஏறக்குறைய 400 டிடெக்டர்கள் எட்டெட்டு மீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. காஸ்மிக் கதிரால் உண்டாகும் துகள் பொழிவு எந்த டிடெக்டரை முதலில் தொட்டது, எதை அடுத்துத் தொட்டது என்று பார்த்துத்தான் அது வந்த திசையைக் கணக்கிடுகிறார்கள். ஒளி ஒரு நானோ வினாடியில் போவது 30 செ.மீ. தூரம்; பொழிவும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் வருகிறது. 30 பாகை சாய்ந்து வரும் பொழிவு, சாயும் திசையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு டிடெக்டர்களைத் தொட ஆகும் நேர வித்தியாசம் 13 நானோ வினாடி. டிடெக்டரின் பல்ஸைக் கொண்டுவரும் கோஆக்சியல் கேபிளோ மீட்டருக்கு 5 நானோ வினாடி தின்றுவிடும். யாராவது அவசரத்தில் ஒரு மீட்டர் நீளமான கேபிளை மாட்டிவிட்டால், அந்த இரண்டை மட்டும் வைத்துப் போடும் கணக்கில் திசை பத்துப் பாகைக்கு மேல் தப்பும்.

இதைவிடப் பொல்லாதது ஏடிசி-யின் கேட். கேட் திறந்திருக்கும்போது வருகிற மின்னூட்டத்தை மட்டும்தான் அது கூட்டி எண்ணாக்கும். ஆனால் பல டிடெக்டர்கள் ஒரே சமயத்தில் அடித்தனவா என்று பார்த்து, ட்ரிகர் உருவாகி, கேட் திறப்பதற்குள் பல்ஸ் கடந்து போய்விடும். அதனால் பல்ஸை இரண்டாகப் பிரித்து, ஒன்றை ட்ரிகருக்கு அனுப்பி, மற்றதை நீளமான கேபிளில் சுற்றவிட்டுத் தாமதப்படுத்துவது வழக்கம். 100 நானோ வினாடி வேண்டுமென்றால் 20 மீட்டர் கேபிள். ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்தால், தண்ணீர் வந்து சேரும் நாளைக் கணக்கு வைத்துத்தானே கல்லணையைத் திறக்கிறார்கள்? அதே கணக்குதான். இங்கே கேட் ஒரு கணம் முந்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

கேட் பிந்தினால் என்ன ஆகும்? பல்ஸின் வால் மட்டும் உள்ளே விழும். அப்போதும் ஓர் எண் வரும், அழகான வரைபடமும் வரும். பல்ஸே இல்லாமல் கேட்டைத் திறந்தாலும் எண் வரும். அதற்குப் பெயர் பெடஸ்டல். அதைத் தினமும் எடுத்துக் கழிக்காதவன் எழுதும் முடிவை நான் படிக்கமாட்டேன். எண் வந்துவிட்டது என்று மகிழ்ந்து போகிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

அந்த ஆய்வகம்தான் 2014 டிசம்பர் 1 அன்று ஓர் இடிமேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததைக் கண்டது, 2019-இல் வெளியிட்டார்கள். மியூவான்களின் எண்ணிக்கையில் தெரிந்த ஒரு சின்னக் குறைவை வைத்துத்தான் அதைப் பிடித்தார்கள். கருவியை நாள்தோறும் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளாத இடத்தில், அந்தக் குறைவு மேகத்தால் வந்ததா, மின்னணுப் பெட்டியால் வந்ததா என்று யார் சொல்ல முடியும்?

ஆகவே கேபிளை மாற்றினால் தேதியும் நீளமும் நோட்டில் எழுது. ஸ்கோப்பில் பார்க்கும்போது இரண்டு சானலுக்கும் ஒரே நீளக் கேபிள் போடு, 50 ஓம் முனையத்தை மறக்காதே. போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கேட்டையும் பல்ஸையும் ஒரே திரையில் போட்டுப் படம் பிடித்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா