சுவரும் செப்பேடும்

மாமல்லபுரத்திற்கு வடக்கே கடலை ஒட்டியுள்ள சிற்றூர் சாளுவன்குப்பம். அங்கே அதிரணசண்ட மண்டபம் என்னும் பல்லவர் காலக் குடைவரைக் கோயில் உளது. அதன் தென்சுவரில் வடமொழிப் பாடல்கள் கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. எதிரேயுள்ள வடசுவரை நோக்கினால், அதே பாடல்களை நாகரி எழுத்தில் காணலாம். ஓர் எழுத்தை அறியாதவர் மற்றோர் எழுத்தால் அவற்றைப் படித்துக்கொள்ளலாம்.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை இவ்வூர்க் கரையின் மணலை அரித்தது. எழுத்துப் பொறித்த பாறைகள் வெளிப்பட்டன. அவற்றில் திருவீழ்ச்சில் என்னும் ஊரின் முருகன் கோயிலுக்கு அளித்த கொடைகள் குறிக்கப்பட்டிருந்தன. 2005-இல் தொல்லியல் துறையினர் அங்கே அகழ்ந்தபோது, மணலுள் புதைந்திருந்த அக்கோயிலைக் கண்டனர். கோயில் மறைந்தும் அதன் கணக்கு மறையவில்லை.

பல்லவர் செப்பேட்டிலும் ஆணைகளைப் பொறித்தனர். ஏடுகளைத் துளையிட்டு வளையத்தில் கோத்து, வளையத்தின் வாயை முத்திரையால் அடைத்தனர். செப்பேடு சிறிய இடத்தில் அடங்கும். எடுத்துச் செல்லவும் எளிது. ஆயினும் பெட்டியைத் திறந்தவர்க்கே அது படிக்கக் கிடைக்கும். சுவரோ மிகுந்த இடத்தைக் கொள்ளும். ஆனால் வேண்டிய வரியின்முன் நின்று எவரும் படிக்கலாம்.

கணிப்பொறிக் கோப்புகளுக்குப் படியெடுப்போர்க்கும் இவ்விரண்டில் ஒன்றைத் தேரும் நிலை வருகிறது. கடலோரப் பள்ளி ஒன்று தன் மாணவர் பதிவேடுகளுக்குப் படியெடுத்துச் செங்கற்பட்டில் வைக்க எண்ணுகிறது என்க. பல ஆண்டுகளுக்குமுன் படித்த ஒருவர் சான்றிதழ் கேட்டு வருவார். அவருக்கு வேண்டுவது ஒரே ஒரு பக்கம்.

டார் என்னும் கட்டுமுறை 1979-இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இடம்பெற்றது. அது காந்த நாடாவிற்காக அமைந்தது. ஆகவே கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குமேயன்றிப் பொருளடக்கம் தராது. அக்கட்டு முழுவதையும் ஒருங்கே சுருக்கினால் இடம் மிகவும் மிச்சமாகும். ஆனால் நடுவிலுள்ள பக்கத்தைக் காண முதலிலிருந்தே விரித்துக்கொண்டு செல்ல வேண்டும். இடையே பழுது நேர்ந்தால், பின்னுள்ளவை பெரும்பாலும் கிட்டா. சான்றிதழ் கேட்டு வந்தவர் வெறுங்கையுடன் திரும்ப நேரும்.

1989-இல் தோன்றிய ஜிப் முறை ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே சுருக்கி, இறுதியில் பட்டியல் ஒன்றை வைக்கும். பட்டியலைப் பார்த்து வேண்டியதை மட்டும் எடுக்கலாம். இடம் சற்று மிகுதியாகும், அது பெரிதன்று. சுருக்காமல் வெறுங் கோப்புறைகளாகவே வைத்தால் இடம் இன்னும் மிகும். ஆனால் விரிக்கும் கருவி எதுவும் வேண்டா.

அடிக்கடி பார்க்கும் பதிவேடுகளைக் கோப்புறையாகவோ ஜிப்பாகவோ வைத்தல் நன்று. முழுதும் இழந்தாலன்றித் தேவைப்படாதவற்றை டார் கட்டாகச் சுருக்கி வைக்கலாம். எம்முறையாயினும் ஒரு படி வேறூரில் இருத்தல் வேண்டும். சாளுவன்குப்பத்து இரண்டு சுவர்களும் ஒரே பாறையில் குடைந்தவையே.