வெள்ளி விளக்கைத் துலக்கி வை

அல்சூர், பெங்களூர்
வியாழக்கிழமை

அன்புள்ள கண்ணு,

ராத்திரி நேரத்தில் எலக்ட்ரீஷியனை வரவழைத்து ஸ்விட்ச் போர்டுகளையெல்லாம் கழற்றிப் பார்க்க வைத்தாயாமே, உன் அம்மா சொன்னாள். ஒயர் கருகும் வாடை உனக்கு மட்டும் வருகிறது, மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் வரவில்லை. எலக்ட்ரீஷியனும் ஒன்றுமில்லை என்று காசை வாங்கிக்கொண்டு போய்விட்டான். இதை நீயே என்னிடம் சொல்லியிருக்கலாம். போகட்டும்.

வீட்டில் யாராவது இதைப் பிரமை என்றால் தலையாட்டிக்கொண்டு இருக்காதே. இல்லாத வாசனை மூக்கில் ஏறுவது டாக்டர்களுக்குத் தெரிந்த கோளாறுதான். அமெரிக்காவில் 2011 முதல் 2014 வரை எடுத்த கணக்கெடுப்பில், 40 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய 15 பேருக்கு ஒருவர் தமக்கு அப்படி வருவதாகச் சொன்னார்கள். அதை டாக்டரிடம் சொன்னவர்களோ மிகச் சிலர். பலருக்கும் வருவது மல்லிகையும் சந்தனமும் அல்ல; கருகல், புகை, அழுகல் இவைதான். உன் பாட்டிக்கு மட்டும் சாம்பிராணி வந்தது, நாமெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். அந்தக் கதையை இப்போது யாரும் கிளப்ப வேண்டாம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அது இல்லாத வாடைதான் என்று யார் முடிவு கட்டியது? மாப்பிள்ளையின் மூக்கா? ஒரே நாற்றத்தில் உட்கார்ந்திருக்கும் மூக்கு சில நிமிஷங்களிலேயே அதைக் கவனிப்பதை விட்டுவிடும். பெல்லந்தூரில் இத்தனை வருஷம் குடியிருந்த மூக்கு சொல்லும் சாட்சியை நான் ஏற்கமாட்டேன்.

2015 மே மாதம் பெல்லந்தூர் ஏரியின் நுரை தீப்பிடித்து எரிந்தது. அடுத்த வருஷம் நீங்கள் அதன் கரையில் ஃப்ளாட் வாங்கினீர்கள். வேண்டாம் என்று சொன்னவள் நான் ஒருத்திதான். “விலை ஏறும் அக்கா” என்றான் உன் அப்பா. ஏறியது, இல்லை என்று சொல்லவில்லை. ஏரியும் 2017 பிப்ரவரியில் மறுபடி எரிந்தது. 2018 ஜனவரியில் பற்றியபோது ராணுவத்தார் ஆயிரக்கணக்கில் இறங்கி அணைத்தார்கள். கரையில் காய்ந்த புல்லா, சேற்றிலிருந்து கிளம்பும் மீத்தேனா, எவனோ கொளுத்திய குப்பையா என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஊர்ச் சாக்கடையும் சோப்புத் தூளும் அங்கே போய்ச் சேருகின்றன என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை. தூர் வாருகிறார்கள் என்பாய். வாரட்டும்.

சாக்கடையிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு வெள்ளியைக் கறுக்கவைக்கும், ஏ.சி.யின் செம்புக் குழாயை அரிக்கும். உன் கல்யாணத்துக்கு நான் கொடுத்த வெள்ளி விளக்கைப் பளிச்சென்று துலக்கி பால்கனிப் பக்கம் வை. மளமளவென்று கறுத்தால் காற்றில் ஏதோ இருக்கிறது என்றுதான் அர்த்தம். ‘அத்தை, அது அழுகிய முட்டை நாற்றம், எனக்கு வருவது கருகல்’ என்று நீ சொல்வது எனக்குக் கேட்கிறது. ஏரியே எரிந்த ஊரில் கருகல் வராமல் என்ன வரும்?

சரி, விஞ்ஞான டீச்சராக இருந்தவள் நியாயமாகவும் பேச வேண்டும். சனி, ஞாயிறு இங்கே வந்து படு. வாடை அங்கேயே நின்றுவிட்டால் குற்றவாளி உங்கள் பக்கத்துக் காற்றோ வீடோ. அல்சூர் வரை கூடவே வந்தால் அது உன் மூக்கிலோ தலையிலோ இருக்கிறது. (எங்கள் ஏரியும் பன்னீராக மணக்கவில்லை, 2016இல் மீன்கள் செத்து மிதந்தன. அது வேறு விஷயம்.)

கூடவே வந்தால், ஒரு மூக்கை அடைத்துப் பார், பிறகு மற்றதை. ஒரு பக்கம் அடைத்ததும் வாடை நின்றால் கோளாறு மூக்கில் இருக்கலாம். சைனஸ், மூக்கில் வளரும் சதை, சொத்தைப் பல், வைரஸ் காய்ச்சல், தலையில் பட்ட அடி, எதுவும் காரணமாகலாம். கொரோனா இரண்டாவது அலையில் நீ காபியில் சாக்கடை வாடை என்று டம்ளரைத் தள்ளிவைத்தாயே, அது இருக்கும் வாசனை திரிந்து வருவது. இதுவோ, எந்த வாசனையும் இல்லாமலே வருவது. இரண்டும் பங்காளிகள்தான். உன் அப்பா வழி ஒற்றைத் தலைவலிக்கு முன்னாலும் சிலருக்கு இப்படி வரும். எந்தத் தேதி, எத்தனை மணி, எவ்வளவு நேரம், கூடத் தலைவலி உண்டா என்று ஒரு நோட்டில் எழுதி வை. அதோடு முதலில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போ. வைரஸால் வந்தது என்றால் ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, நீலகிரித் தைலம் நான்கையும் காலையும் மாலையும் முகர்ந்து பழகச் சொல்வார்கள். ஜெர்மனியில் டிரெஸ்டனில் இப்படிப் பழக்கிப் பார்த்து 2009இல் எழுதியிருக்கிறார்கள். மாசக்கணக்கில் பொறுமை வேண்டும்.

வாடை திடீரென்று வந்து ஓரிரு நிமிஷத்தில் போகிறதா? வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுகிறதா? கூப்பிட்டால் பதில் சொல்லாமல் சற்று நேரம் வெறித்துப் பார்க்கிறாயா? (இதை மாப்பிள்ளைதான் சொல்ல வேண்டும்.) அப்படியென்றால் ஒரு நாளும் தள்ளாதே, நேராக நரம்பியல் டாக்டரிடம் போ. மூளையின் பக்கவாட்டில் கிளம்பும் வலிப்பு அப்படி வரும். அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வினுக்கு ரப்பர் கருகும் வாடை வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்த்துவிட்டு, அநேகமாக ஹிஸ்டீரியா என்று எழுதி அனுப்பினார்கள். 1937 ஜூலையில் மூளைக் கட்டியால் போய்விட்டார், வயது 38. உன்னைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. உனக்கு அப்படி இருக்காது. பிரமை என்ற பேச்சு எனக்கு ஏன் ஆகாது என்று தெரியட்டும்.

நிம்ஹான்ஸ் என்ற பேரைக் கேட்டதும் உன் மாமியார் முகம் மாறும். அங்கே மனநலம் மட்டுமல்ல, நரம்பியலும் உண்டு. 1974இல் அந்த ஆஸ்பத்திரி உருவானதிலிருந்தே மனமும் நரம்பும் ஒரே கூரையில்தான். கேட்பவர்களுக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டுப் போ.

இன்னொன்று. ‘நமக்குத்தான் சும்மா வருகிறது’ என்று பழகி, நிஜமாகவே கேஸ் கசியும்போது விட்டுவிடாதே. அடுப்பங்கரையில் கேஸ் கசிந்தால் கத்தும் கருவி ஒன்றை மாட்டச் சொல்.

ஃப்ளாட்டை விற்பதும் விற்காததும் உங்கள் இஷ்டம், கடன் இருப்பதும் தெரியும், நான் தலையிடவே மாட்டேன். எங்கள் மாடி போர்ஷன் சித்திரையில் காலியாகிறது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். லீஸும் வேண்டாம், வாடகையும் வேண்டாம். குழந்தையின் பள்ளிக்கூட பஸ் இந்தத் தெரு வழியாக வருகிறதா என்றும் விசாரித்தாயிற்று.

ரொம்ப அதட்டிவிட்டேனோ? டீச்சர் புத்தி, போகாது. நம் வீட்டில் உன்னைப் போல நிதானமானவள் யாருமில்லை. சின்ன வயசிலேயே ஊசிக்கு அழாதவள் நீ. மாப்பிள்ளையும் தங்கமானவர், அவர் மூக்கைப் பற்றி எழுதியதை அவரிடம் காட்டாதே. சனிக்கிழமை சாப்பாட்டுக்கு மூன்று பேரும் வந்துவிடுங்கள். உனக்குப் பிடித்த வஞ்சிர மீன் குழம்பு வைக்கிறேன். நோட்டை மறக்காமல் எடுத்துக்கொண்டு வா.

உன் அத்தை