யன்னல் வெளிச்சத்தில் ஒரு முகப்படம்



அப்பா ஊரில் காலமானபோது கல்வெட்டில் போட ஒரு நல்ல படம் இருக்கவில்லை. அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்தோம், முகம் கலங்கிவிட்டது. அதன் பின்பே படம் எடுக்கப் பழகினேன்.

கணக்காளன் அல்லவா, செலவை எழுதி வைத்துள்ளேன். லைனே ஆற்றங்கரைச் சனிக்கிழமைச் சந்தையில் பழைய கமெராவும் 50 மி.மீ. லென்ஸும் 60 யூரோ, வெள்ளை மட்டை 2 யூரோ.

நேர் வெயில் படாத யன்னலுக்குப் பக்கவாட்டாக, ஒரு மீற்றர் தள்ளி ஆளை இருத்துங்கள். மின்விளக்கை அணையுங்கள், இரு வெளிச்சமும் கலந்தால் முகம் மஞ்சளாகும். நிழல் விழும் கன்னத்தருகே மட்டையைப் பிடியுங்கள். பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் கமெரா ஏமாந்து எங்கள் முகங்களை இருட்டாக்கும். வெளிச்சத்தை ஒரு படி கூட்டுங்கள்.

ஜூலியா மார்கரெட் கமரோன் 1863 இல், 48 வயதில், முதற் கமெராவைப் பெற்றார். கண்ணாடி பதித்த கோழிக்கூடே அவரது ஸ்ரூடியோ! 1875 இல் இலங்கை வந்து அங்கும் படமெடுத்தார். 1879 இல் அங்கேயே காலமானார்.

ஜேர்மன் கடவுச்சீட்டுக்கு வீட்டுப் படம் உதவாது. 2025 மே முதல் இலத்திரனியல் படமே கேட்கிறார்கள்.

சென்ற மாதம் அம்மாவை யன்னலருகே இருத்தினேன். "என்னடா, கல்வெட்டுக்கோ?" என்று கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் படத்தில் விழுந்துள்ளது.