மண்வாரியின் கைக்கு எல்லை உண்டா?

கேள்வி: எங்கள் செம்பனைத் தோட்டத்தில் மண்வாரி இயந்திரம் முதிர்ந்த மரத்தையே வேரோடு சாய்க்கிறது. அதன் பலத்துக்கு எல்லை உண்டா?
– வாசகர், குளுவாங், ஜொகூர்

பதில்: உண்டு. அந்தக் கையைத் தள்ளுவது உருளைக்குள் அழுத்தப்பட்ட எண்ணெய். அழுத்தம் சுமார் 350 பார் என்றால், 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் ஏறக்குறைய 28 டன் எடைக்கு ஈடாகத் தள்ளும். நம் தசை சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ அளவில்தான் இழுக்கும். மின்காந்தம்கூட 16 கிலோவை ஒட்டி நின்றுவிடுகிறது. 2 டெஸ்லா அளவில் இரும்பு காந்தத்தால் நிறைந்துவிடுவதே காரணம். எண்ணெய்க்கு அந்தத் தடை இல்லை. அதைச் சுற்றியுள்ள எஃகுக்குத்தான் எல்லை. அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால் சீல் கசியும், உருளைச் சுவர் விரியும், தண்டு வளையும். மெலிந்த தண்டின் நீளம் இரட்டித்தால், வளையாமல் அது தாங்கும் சுமை நான்கில் ஒன்றாகிவிடும். ஒன்று மட்டும் தயவுசெய்து கவனியுங்கள்: குழாயில் கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். அந்த எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும்.